மெட்டாடேட்டா: மூட்டைக்கு மார்க்கா, நூலுக்குப் பாயிரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஜவ்வரிசி மூட்டைக்கு மார்க்கா போடுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கின் மேல் வைத்து, மையில் தோய்த்த பிரஷால் ஒரே இழுப்பு. தகட்டை எடுத்தால் ஆலையின் பெயரும் எடையும் பளிச்சென்று தெரியும். சாக்கைப் பிரிக்காமலே உள்ளே என்ன, யாருடையது என்று சொல்லிவிடலாம். அந்த எழுத்து ஜவ்வரிசி இல்லை, ஜவ்வரிசியைப் பற்றிய சேதி. மெட்டாடேட்டா என்ற சொல்லுக்கும் பொருள் அதுதான்: தரவைப் பற்றிய தரவு.

‘மெட்டா’ கிரேக்கம். உடன், பிறகு என்பவை அதன் பழைய பொருள்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களை அடுக்கியவர்கள் இயற்பியலுக்குப் பின்னால் வைத்த பகுதிக்கு ‘மெட்டாபிசிக்ஸ்’ என்று பெயர் நின்றுவிட்டது. பின்னால் இருப்பது என்ற பொருள் நாளடைவில் அப்பால் இருப்பது, மேலே நின்று பார்ப்பது என்று ஏறிக்கொண்டது. ‘டேட்டா’ லத்தீன்; ‘தரப்பட்டவை’ என்று பொருள். நம் ‘தரவு’ம் ‘தா’ என்ற வினையடியில் பிறந்ததுதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர் இருந்ததால், கணினிக்காரர்கள் புதிதாக எதையும் வார்க்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் அபூர்வம்.

தகராறு ‘மெட்டா’வில்தான். மேல்தரவு, மீதரவு, மீத்தரவு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘மேல்தரவு’ என்றால் ‘மேல் விவரங்களுக்கு’ என்று விளம்பரத்தில் போடுவது நினைவுக்கு வந்து, கூடுதல் தரவோ என்று தோன்றும். ‘மீதரவு’ என்று எழுதிக்கொடுத்தபோது, எங்களிடம் வேலைக்குச் சேர்ந்த தம்பி அதை ‘மீதி தரவு’ என்று படித்துவிட்டு, “அண்ணா, மீதி எங்க இருக்கு?” என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. போதாததற்கு, ஹைப்பர்டெக்ஸ்ட்டைக் குறிக்கும் மீயுரை என்ற சொல்லில் அந்த ‘மீ’, ‘ஹைப்பர்’ என்ற வேறொரு முன்னொட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒற்றுப் போட்டு ‘மீத்தரவு’ என்று எழுதினால் குழப்பம் பாதி குறையும். என் ஓட்டு அதற்கே.

ஆனால் நூலைப் பற்றிய மீத்தரவுக்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. பாயிரம் இருக்கிறது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்று அடுத்த நூற்பாவில் வருகிறது. 1995இல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டப்ளின் ஊரில் கூடிப் பேசித் தொடங்கிய ‘டப்ளின் கோர்’ என்ற மீத்தரவுப் பட்டியலில் 15 கூறுகள். படைத்தவர், தலைப்பு, பொருள், மூலம், காலம் என்று போகும் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாயிரத்துக்குப் பவணந்தி தரும் வேறு பெயர்களில் ஒன்று ‘புறவுரை’. நூலுக்குப் புறத்தே நிற்கும் உரை. வலைப்பக்கத்திலும் இந்தச் சேதியெல்லாம் உடல் பகுதிக்கு வெளியே, தலைப்பகுதியில்தான் உட்காரும். திரையில் தெரியாது, பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால்தான் தெரியும்.

சரி, அதை அங்கே யார் எழுதுவது? சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தானே எழுதக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்பது நன்னூல் மரபு. நூல்களை வலைப்பக்கமாக்கும் எங்கள் வேலையில் அந்த உரைகாரர் ஒரு ஸ்டைல்ஷீட், அதாவது பக்கம் எப்படி வர வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு.

‘ஸ்டைல்’ என்பதன் வேர் லத்தீன் ‘ஸ்டிலஸ்’, அதாவது எழுத்தாணி. எழுத்தாணி எழுதும் முறையாகி, அப்புறம் நடையாகிவிட்டது. அதனால் ‘நடைதாள்’ என்பது நல்ல பெயர்ப்பு. ஆனால் நிறமும் எழுத்தளவும் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்புக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். 1999இல் தரமாக வந்த எக்ஸ்எஸ்எல்டி கோப்பு அலங்காரம் செய்வதில்லை. நூலின் பகுதிகளுக்கு அடையாளக்குறி இட்ட எக்ஸ்எம்எல் கோப்பை வாங்கி வலைப்பக்கமாக மாற்றிக் கொடுக்கிறது. அதை ‘உருமாற்றுத் தாள்’ என்பேன். மூட்டைக்கு மார்க்கா போடும் தகடுதான் அது: ஒரு முறை வெட்டினால் போதும், எத்தனை மூட்டைக்கும் போடலாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுதிய கையேட்டை, நூல்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவமான டாக்புக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். டாக்புக்கோடு வரும் மூலத் தாளிலேயே கைவைத்து, ஆசிரியர் பெயர் எழுதும் வரியைச் சேர்த்திருந்தேன். புதிய பதிப்பை இறக்கியதும் அத்தனையும் போச்சு. மூலத் தாளைத் தொடாமல், அதை இறக்குமதி செய்யும் தனித் தாளாக ஒரு மேலடுக்கு எழுதுவதே முறை. இறக்குமதி செய்கிற தாளின் வார்ப்புக்குத்தான், அதாவது ஒரு பகுதியை எப்படி எழுதுவது என்று சொல்லும் விதிக்குத்தான், முன்னுரிமை. ‘யூசர்.ஹெட்.கன்டென்ட்’ என்று ஒரு காலி வார்ப்பு இதற்கென்றே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அதை நிரப்பினால் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் விழும்.

நிரப்பினேன். முதல் பக்கத்தில் பெயர் வந்தது, மற்ற அத்தியாயங்களில் வெற்று வரி. ஆசிரியர் பெயர் நூலின் தகவல் பகுதியில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அத்தியாயத்தின் பக்கத்தை எழுதும்போது தாள் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே தேடுகிறது. அத்தியாயத்துக்கென்று தனி ஆசிரியர் இருந்தால் அவரை எடு, இல்லாவிட்டால் மேலேறி நூலின் ஆசிரியரை எடு என்று சொல்லிக்கொடுத்த பிறகு சரியானது.

அப்புறம் இனிஷியல். டாக்புக்கில் முதல் பெயருக்கு ஒரு பெட்டி, குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ‘செ. கந்தன்’ என்பதில் ‘செ.’ அப்பா பெயர் என்பதால் அதைக் குடும்பப் பெட்டியில் போட்டால், ‘கந்தன் செ.’ என்று திருப்பிப் போட்டுவிடும். பெரியவர் அச்சுப்படியைப் பார்த்துவிட்டு, “இது யாருங்க?” என்றார். டாக்புக் 5இல் பெயரைப் பிரிக்காமல் ஒரே சரமாக எழுத இடம் உண்டு. அப்படியே எழுதி, வார்ப்பின் தலையில் ‘ஆக்கியோன் பெயர்’ என்று ஒரு குறிப்பும் போட்டுவைத்தேன். அதற்கு மட்டும் தம்பி விளக்கம் கேட்கவில்லை.