விலையை வைப்பது இரண்டாவது ஆள்

இணைய ஏலத்தில் ஒரு பழைய கார். ஏழு நாள் ஏலம் முடிய மூன்று நிமிடம்தான் பாக்கி. மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட, இரண்டு பேர் மட்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்குக்காக, ஒருவர் மனசுக்குள் 40 ஆயிரம் டாலர் வரை போகத் தயார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவரின் எல்லை 31 ஆயிரம். 31-ஐத் தொட்டதும் அவர் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார். முதலாமவர் இன்னும் ஒரு 500 டாலர் கூட்டிக் கேட்கிறார். கடிகாரம் பூஜ்யத்துக்கு வருகிறது. கார் அவருக்கு.

அவர் 40 கொடுத்திருப்பார். விற்றவருக்கு அது கடைசி வரை தெரியப்போவதில்லை. காரை வாங்கியது முதல் ஆள், ஆனால் அதன் விலையை வைத்தது தோற்றுப்போன இரண்டாவது ஆள். ஏறுமுக ஏலத்தின் இயந்திரமே இதுதான். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-ல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். 1996-ல் அதற்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் மனிதர் இறந்துபோனார்.

பழைய காரை விற்க ஏலம் எதற்கு, ஒரு விலையை எழுதி ஒட்டிவிட்டால் போதாதா? புது கார் என்றால் போதும், ஏனென்றால் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஐம்பது வயதான காருக்கு அப்படி இரட்டைப் பிறவி கிடையாது. ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் நிற்கலாம். ஒன்றில் தொழிற்சாலையில் பொருத்திய அதே இன்ஜின். இன்னொன்றில் எங்கிருந்தோ வந்த இன்ஜின். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, விலையில் பெரிதாகத் தெரியும்.

ஆனாலும் ஒரு தோராயம் வேண்டும். அதற்கான முறையின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று கார்களை வைத்துத்தான் நடந்தது. அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் சங்கத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ கோர்ட் 1939-ல் காரின் விலையை அதன் எடை, சக்கரங்களுக்கு இடையிலான நீளம், குதிரைத்திறன் என்று பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றும் விலையில் எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிட்டார். இன்று பழைய காருக்கு மதிப்புப் போடுபவரும் தெரிந்தோ தெரியாமலோ அதையே செய்கிறார். சமீபத்தில் விற்ற நாலைந்து கார்களை எடுத்துக்கொண்டு, இதில் ஒரிஜினல் இன்ஜின் இருக்கிறதா, கியர் கையால் போடுவதா, துரு எங்கே, பெயின்ட் எப்போது அடித்தது என்று கூட்டிக் கழிக்கிறார். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: விற்று முடிந்த விலையைத்தான் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை அந்த உரிமையாளரின் ஆசை மட்டுமே.

ஆசை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதைச் சோதனைச்சாலையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு சாதாரண காபிக் குவளையைப் பாதிப் பேர் கையில் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர்கள் சுமார் 7 டாலர் சொன்னார்கள், வாங்குபவர்கள் சுமார் 3 டாலர். சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே இப்படி என்றால், இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்த காருக்கு என்ன சொல்வது!

இந்தப் பாசம் ஏலத்துக்குள் நுழையும் வாசல்தான் ரிசர்வ் விலை. இதற்குக் கீழே போனால் விற்க மாட்டேன் என்று ரகசியமாக வைக்கும் எல்லை. பயப்படுகிறவருக்கு அது பாதுகாப்பு வேலி மாதிரித் தெரியும். அந்த வேலிக்கு என்ன மதிப்பு என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

ஒருவர் ஒரு காருக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை 0 முதல் 12 வரை எதுவாகவும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். காரை விற்பவருக்கு அது இனித் தேவையில்லை. இரண்டு பேர் மட்டும் ஏலம் கேட்டால், தோற்பவர் நிற்கும் இடம் சராசரியாக 4. ஆக விற்பவருக்குக் கிடைப்பது 4. இப்போது ரிசர்வ் வைக்கிறோம். ரோஜர் மையர்சன் 1981-ல் கொடுத்த சூத்திரப்படி இந்தக் கணக்குக்கு மிகச் சிறந்த ரிசர்வ் 6. அதை வைத்தால் நான்கில் ஒரு ஏலத்தில் கார் விற்காமலே திரும்பும், ஆனாலும் சராசரி வரவு 5 ஆக உயரும். பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? ரிசர்வை எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு ஆளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். வரவு 6, கார் ஒவ்வொரு முறையும் விற்கிறது.

ஜெரமி பூலோவும் பால் கிளெம்பரரும் 1996-ல் நிரூபித்தது இதன் பொதுவடிவம்: வழக்கமான நிபந்தனைகளில், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ரிசர்வ் வைத்தாலும், நிஜமாகவே கேட்கக்கூடிய ஒரு ஆள் கூடுதலாக வருவதற்கு அது ஈடாகாது. எனக்கு இந்த முடிவு முதலில் படித்தபோது ஏமாற்று வித்தை போலத்தான் இருந்தது. ரிசர்வே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. உலகத்தில் நாலு பேர் மட்டுமே தேடும் விசித்திரமான கார் என்றால், அந்த நாலு பேரில் மூன்று பேர் அந்த வாரம் தூங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்கு ரிசர்வ் வேண்டும்தான். ஆனால் நிறையப் பேர் விரும்பும் மாடலுக்கு ‘ரிசர்வ் இல்லை’ என்ற இரண்டு வார்த்தையே ஆள் சேர்க்கும். எட்டாத உயரத்தில் ரிசர்வை வைத்துக் கார் விற்காமல் போனால், அதோடு முடிவதில்லை. இந்தக் காருக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் கேட்டார்கள் என்ற பதிவு இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுவிடும்.

சரி, கூடுதல் ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது? வந்தவர்களைத் தயங்காமல் கேட்க வைப்பது எப்படி? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

கி.பி. 193-ல் ரோமாபுரியின் மெய்க்காவல் படை, பேரரசரைக் கொன்றுவிட்டு, ஆட்சியையே ஏலம் போட்டது. ஒருவர் படைவீரன் தலைக்கு 20,000 செஸ்டெர்ஸ் என்று கேட்டார். டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் 25,000 என்றார், பேரரசரானார், 66-ம் நாள் கொல்லப்பட்டார். ஏலத்தில் ஜெயித்து வாழ்க்கையில் தோற்பதற்கு ‘வென்றவனின் சாபம்’ என்று பெயர். அந்தப் பெயருக்கு விளக்கம் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தது. கடலடி எண்ணெய்க் குத்தகைகளை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று மூன்று பொறியாளர்கள் 1971-ல் எழுதினார்கள். ஒரே வயலைப் பலர் மதிப்பிடும்போது சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவார்கள். ஏலத்தில் ஜெயிப்பவர் யார்? எல்லோரையும்விட அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர்.

பழைய காரும் ஒரு வகையில் எண்ணெய் வயல்தான். தரைத்தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் விவரமானவர் தன் கணக்கிலிருந்து ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார். தெரியாதது எவ்வளவு அதிகமோ கழிவும் அவ்வளவு அதிகம். ரொம்பத் தெரியாவிட்டால் அவர் கேட்கவே மாட்டார். இரண்டாவது ஆள் காணாமல் போவது இப்படித்தான். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்தே இதை விளக்கினார்: நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று வாங்குபவரால் பிரிக்க முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் சொல்வார், நல்ல கார் வைத்திருப்பவர் சந்தைக்கே வரமாட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை அது. பிறகு 2001-ல் நோபல் வாங்கியது.

மருந்து, மறைக்காமல் காட்டுவதுதான். ஏலத்தில் விற்பவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் நேர்மையாகச் சொல்வதை ஒரு கொள்கையாகவே வைத்துக்கொண்டால் சராசரியாக வரவு கூடும் என்று பால் மில்க்ரோமும் ராபர்ட் வெபரும் 1982-ல் கணக்கில் காட்டினார்கள். பின்னால் கிரெக் லூயிஸ் ஈபே மோட்டார்ஸ் ஏலங்களை அலசியபோது, பக்கத்தில் எத்தனை படம், எவ்வளவு விவரம் என்பது விலையோடு பலமாகப் பிணைந்திருப்பதைக் கண்டார்.

படம் என்றால் அந்தி வெயிலில் பளபளக்கும் பக்கவாட்டுப் படம் இல்லை. அது போஸ்டர். காசு கொண்டுவரும் படங்கள் அழுக்கானவை: வண்டியைத் தூக்கி நிறுத்தி எடுத்த அடிப்பாகம், டிக்கிக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு எடுத்த தகடு, கதவின் கீழ்விளிம்பில் பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் போலக் கிளம்பும் துரு, அதன் பக்கத்தில் அளவு தெரிய ஒரு நாணயம். அப்புறம் பெயின்ட் மீட்டர். தீப்பெட்டி அளவுக் கருவியைக் கதவில் வைத்தால் ஒரு எண் வரும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரும்புத் தகடு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு அந்தப் புலம் மாறும். அதை வைத்து நடுவில் உள்ள பூச்சின் கனம் தெரிகிறது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான், அதாவது ஒன்றிரண்டு தலைமுடிக் கனம். கதவில் 130, 140 என்று வந்துகொண்டிருந்த எண் பின்சக்கர வளைவில் திடீரென 1,200 என்று காட்டினால், அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். அந்த எண் தெரியும்படி படமெடுத்துப் போடும் விற்பனையாளரைப் பார்த்து ஆட்கள் ஓடுவதில்லை. இதையே சொல்லிவிட்டவர் வேறெதையும் ஒளிக்க மாட்டார் என்று கழிவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினை முதன்முதலாகக் கிளப்பும் வீடியோவும் அப்படித்தான். சூடான இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். குளிர்ந்த இன்ஜின் முதல் அரை நிமிடத்தில் நீலப் புகையாகவும் தடதடப்பாகவும் எல்லாவற்றையும் உளறிவிடும். சேஸிஸ் எண், இன்ஜின் எண் படங்களும் வேண்டும். அமெரிக்காவில் 17 எழுத்து அடையாள எண் கட்டாயமானது 1981 மாடல்களிலிருந்துதான். அதற்கு முந்தைய கார்களில் கம்பெனிக்கு ஒரு முறை என்பதால், பழைய தயாரிப்பு ஆவணத்தோடு ஒப்பிட்டால்தான் இன்ஜின் கூடப் பிறந்ததா, பிறகு வந்ததா என்று சொல்ல முடியும்.

கடைசியாகக் கடிகாரம். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் டக்கென்று முடியும். அதனால் கடைசி நொடி வரை பதுங்கியிருந்து கேட்பவர்கள் பெருகினார்கள். அமேசான் முன்பு நடத்திய ஏலங்களிலோ, கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் முடிவு தள்ளிப்போகும். ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஓக்கன்ஃபெல்சும் இரண்டையும் ஒப்பிட்டு 2002-ல் எழுதினார்கள்: பதுங்கல் ஈபேயில்தான் மிக அதிகம். அனுபவம் கூடக்கூட ஈபேயில் ஆட்கள் இன்னும் தாமதமாகக் கேட்டார்கள், அமேசானில் அதற்கு நேர்மாறு. பதுங்குபவரால் விற்பவருக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது ஆளுக்கு மறுபடி யோசிக்க நேரமே கிடைக்காமல் போகிறது. 31-ல் நின்றவர் ஒரு நிமிடம் கொடுத்தால் 33 கேட்பாரோ என்னவோ.

அதனால்தான் 2014-ல் ஏலம் தொடங்கிய பிரிங் எ டிரெய்லர் போன்ற கிளாசிக் கார் தளங்கள், கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யார் கேட்டாலும் கடிகாரத்தை மறுபடி இரண்டு நிமிடத்துக்குத் திருப்பிவிடுகின்றன. புதுசு ஒன்றுமில்லை. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று இழுத்து, யாராவது கை தூக்குகிறார்களா என்று முகங்களைப் பார்த்து, தூக்கினால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பிக்கும் பழைய ஏலக்காரரின் வேலையைத்தான் அந்த இரண்டு நிமிடம் செய்கிறது.

விலை இரண்டாவது ஆளின் கையில் இருப்பதால் திருட்டும் அங்கேதான் நடக்கும். விற்பவரே வேறு பெயரில் நுழைந்து, அல்லது நண்பரை விட்டு, ஏற்றிக் கேட்பது. தளங்கள் இதைத் தடை செய்திருக்கின்றன, பல நாடுகளில் சட்டமும் தண்டிக்கிறது. மாட்டிக்கொள்ளும் முன்பே தண்டனை வருவதும் உண்டு. நிஜ ஆள் 31-ல் நின்றுவிட, போலி ஆள் 32 என்று ஜெயித்து, கார் சொந்தக்காரரின் கொட்டகையிலேயே நிற்கும், தளத்துக்குக் கட்டணம் கட்டச் சொல்லி ரசீது மட்டும் வரும்.

நேர்மையாக நடந்த ஏலத்திலும் சில சமயம் ஜெயித்தவர் பணம் கட்டாமல் நழுவிவிடுவார். அப்போது விற்பவர் இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு, நீங்கள் 31 ஆயிரம் கேட்டீர்களே, அதற்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். ஏலம் தெரிந்தவராக இருந்தால் அவர் சம்மதிக்க மாட்டார். ஓடிப்போன ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நான்தானே முதல் ஆள், என் விலையை வைத்திருக்க வேண்டியவர் 26 ஆயிரத்தில் நின்ற மூன்றாவது ஆள்தானே என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் நல்ல பதில் இல்லை. பேச்சுவார்த்தை 26-க்கும் 31-க்கும் நடுவில் எங்கேயோ தொடங்கும்.