ஒளிச்சேர்க்கை: மறைந்து நிற்கும் ஓர் 'ஆல்'

ஒரு பையனைப் பற்றி "சேர்க்கை சரியில்லை" என்றால் கூட்டாளிகள் சரியில்லை என்று பொருள். ஜூன் மாதம் கல்லூரி வாசலில் "சேர்க்கை நடைபெறுகிறது" என்று பலகை தொங்கினால் அது அட்மிஷன். பள்ளி அறிவியல் புத்தகத்தில் இதே சொல் இரண்டு இடத்தில் வரும்: மகரந்தச் சேர்க்கை, ஒளிச்சேர்க்கை. தேர்வில் ஒன்றைக் கேட்டால் மற்றதை எழுதிவைக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன், தேனீ எல்லாம் வரைந்து. குற்றம் முழுக்க என்னுடையது இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு சொல்லும் பார்வைக்கு ஒரே அச்சு. விரித்தால்தான் வேறுபாடு தெரியும். மகரந்தச் சேர்க்கை என்பது மகரந்தத்தைப் பூவின் சூல்முடியில் சேர்ப்பது. சேர்கிற பொருள் மகரந்தம். அதே கணக்கில் ஒளிச்சேர்க்கையை 'ஒளியைச் சேர்ப்பது' என்று விரித்துக்கொள்கிறோம். இலை வெயிலைப் பிடித்து உள்ளே சேர்த்துவைக்கிறது என்று பலர் நினைப்பது இதனால்தான். ஆனால் சரியான விரிவு 'ஒளியால் நிகழும் சேர்க்கை'. இலக்கணப்படி மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'ஆல்' என்ற உருபும் 'நிகழும்' என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன.

இலைதான் செடியின் சமையலறை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சரி, அந்தச் சமையலறைக்கே போவோம். விறகடுப்புச் சோற்றில் விறகு இருக்காது. சேர்வது அரிசியும் தண்ணீரும். விறகு கொடுப்பது சூடு. அப்படித்தான் இங்கும். சேர்கிற சரக்கு கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். கிடைப்பது சர்க்கரை. ஒளி கொடுப்பது ஆற்றல். அந்த ஆற்றலில் ஒரு பங்கு சர்க்கரையின் வேதிப் பிணைப்புகளில் தங்குவதால், 'வெயிலைச் சேர்த்துவைக்கிறது' என்பவர்களை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் சொல்லில் இருக்கிற 'சேர்க்கை' அந்தச் சேமிப்பு இல்லை.

மூலச் சொல்லான ஃபோட்டோசிந்தசிஸ் கிரேக்க வேர்களால் ஆனது. ஃபோட்டோஸ் என்றால் ஒளியின், சின் என்றால் கூட, தீசிஸ் என்றால் வைத்தல். கூட்டி வைத்தல், அதாவது சேர்க்கை. கிரேக்கம் என்றதும் பழைய சொல் என்று நினைக்க வேண்டாம். 1893இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் ரீட் பார்ன்ஸ் இந்த வினைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று எழுதினார். அதுவரை அசிமிலேஷன், அதாவது தன்மயமாக்கல், என்ற சொல்லே புழங்கியது. செடி உணவைத் தயாரிப்பதற்கும் அந்தச் சொல், உணவை உடம்போடு உடம்பாக்கிக்கொள்வதற்கும் அதே சொல். சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரே வினைச்சொல் இருந்தால் எப்படி இருக்கும்! பார்ன்ஸுக்குப் பிடித்த பெயர் ஃபோட்டோசின்டாக்ஸ். மற்றவர்கள் எடுத்துக்கொண்டது ஃபோட்டோசிந்தசிஸை. சின்டாக்ஸ் என்பது தொடரியலுக்கான ஆங்கிலச் சொல்லும்கூட. பார்ன்ஸ் ஜெயித்திருந்தால் நம் புத்தகங்களில் 'ஒளித்தொடரியல்' என்று யாராவது மொழிபெயர்த்திருப்பார்களோ என்னவோ.

நம் பக்கத்து மொழிகளில் மலையாளம் பிரகாச சம்ஸ்லேஷணம் என்கிறது. தெலுங்குப் பெயர்தான் என்னைக் கவர்ந்தது: கிரணஜன்ய சம்யோகக்ரிய. கதிரால் பிறந்த சேர்க்கைச் செயல். நீளம்தான், ஆனால் தமிழில் மறைந்து நிற்கிற 'ஆல்' அங்கே 'ஜன்ய' என்று வாய்விட்டுப் பேசுகிறது.

தமிழிலேயே இன்னொரு சொல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் இது ஒளித்தொகுப்பு. அங்கே கார்பன் டை ஆக்சைடு காபனீரொட்சைட்டு, செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகம் பச்சையவுருமணி, இலையில் காற்று போய்வரும் இலைத்துளை இலைவாய். (இலைவாய் எவ்வளவு அழகான சொல்! திறந்து மூடுவதை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது.) சிந்தசிஸ் என்பதற்குச் சேர்க்கையைவிடத் தொகுப்பே நெருக்கம் என்பது என் கட்சி. சேர்க்கையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் வந்தால் போதும். தொகுப்பில் சிறு துண்டுகளை ஒழுங்காகக் கோத்துப் புதிய ஒன்றை ஆக்குவது இருக்கிறது; பகுப்புக்கு எதிர்ச்சொல்லாகவும் சட்டென்று நிற்கிறது. மகரந்தத்தோடு குழப்பமும் வராது.

துண்டுகளைக் கோப்பது என்றேனே, அது செல்லுக்குள் எப்படி நடக்கிறது? இலையின் உட்செல் ஒன்றில் பத்துக்கணக்கில் பசுங்கணிகங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம்கூட வராது. உள்ளே தட்டையான பைகள், சுட்ட தோசைகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக. இவற்றுக்குத் தைலக்காய்டு என்று பெயர். அதுவும் கிரேக்கத்தில் பை என்ற பொருளில் வந்ததே. பைகளின் சவ்வில் பச்சையம் பதிந்திருக்கிறது. பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக உறிஞ்சும், பச்சையை அவ்வளவாகத் தொடாது. செடி வேண்டாமென்று விட்ட நிறத்தைத்தான் நாம் செடியின் நிறம் என்கிறோம்.

ஒளி பட்டதும் பச்சையத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் எகிறிப் போகிறது. அந்தக் காலியிடத்தை நிரப்ப, செல் தண்ணீரை உடைக்கிறது. உடைத்ததில் ஆக்சிஜன் கழிவாக வெளியேறும். எலக்ட்ரான் சவ்வின் வழியே கைமாறிப் போகும் ஓட்டத்தில் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற, ஆற்றலைச் சுமக்கும் இரண்டு பொருள்கள் உருவாகின்றன. கையில் காசு வந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஒளி செய்ததெல்லாம் பிரித்தல்தான். சேர்த்தல் இன்னும் தொடங்கவே இல்லை.

அப்புறம் பைகளுக்கு வெளியே உள்ள ஸ்ட்ரோமா என்ற கூழ்மப் பகுதியில் ரூபிஸ்கோ என்ற நொதி, காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடை ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரையோடு ஒட்டுகிறது. ஒட்டிய வேகத்தில் அது மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாக உடைகிறது. சம்பாதித்த ஏடிபியையும் என்ஏடிபிஎச்சையும் செலவழித்துத் துண்டுகளைச் சர்க்கரையாக்கும் இந்தச் சுற்றுக்குக் கால்வின் சுழற்சி என்று பெயர். ஆறு கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை மூலக்கூறின் அளவுக்கு விளைச்சல் எடுக்க 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் செலவு. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்ததற்காக அமெரிக்க வேதியியலாளர் மெல்வின் கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த இரண்டாம் கட்டத்துக்கு 'இருள்வினை' என்று பெயர் வைத்தது யாராக இருந்தாலும், மாணவர்களுக்கு நல்லது செய்யவில்லை. அது இரவில் நடப்பதன்று. பகலில், முதல் கட்டமான ஒளிவினை ஈட்டித் தருகிற கையிருப்பில் நடப்பது. ஒளியை நேரடியாக உறிஞ்சுவதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். 'கார்பன் நிலைநிறுத்தம்' என்று சொல்லிவிட்டால் தொல்லை இல்லை.

அந்த 'ஆல்' வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வையுங்கள். ஓர் இலையின் நடுவில் கறுப்புத் தாளைப் பட்டையாகச் சுற்றி, கிளிப் போட்டு, பகல் முழுக்க வெயிலில் விடுங்கள். மாலையில் இலையைப் பறித்துக் கொதிநீரில் முக்கி, பிறகு ஸ்பிரிட்டில் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். ஸ்பிரிட்டை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். பச்சையம் இறங்கி ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளுக்கும். எடுத்தால் அப்பளம்போல் நொறுங்கும் என்பதால் ஒருமுறை வெந்நீரில் அலசி, மேலே அயோடின் சொட்டுங்கள். வெயில் பட்ட இடமெல்லாம் மாவுச்சத்தால் கருநீலம். தாள் மறைத்த பட்டை மட்டும் பழுப்பு. அங்கேயும் காற்று, தண்ணீர், பச்சையம் எல்லாம் இருந்தன. ஒளி மட்டும் இல்லை.

வெளியேறும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்பதில் வெகுகாலம் குழப்பம் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு உடைந்து வருகிறது என்றே பலரும் நினைத்தார்கள். சில கந்தக பாக்டீரியங்கள் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பயன்படுத்தி, ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தைத் தள்ளுவதைக் கவனித்த நுண்ணுயிரியலாளர் வான் நீல், 1930களில் தண்ணீர்தான் உடைகிறது என்று ஊகித்தார். 1941இல் ஆக்சிஜனின் எடை கூடிய அணு வகையை அடையாளமாக வைத்து வேதியியலாளர்கள் ரூபனும் கேமனும் அவர்களோடு இருந்தவர்களும் அதற்குச் சான்று காட்டினார்கள். அந்த பாக்டீரியங்களுக்கு இலை இல்லை, அவை ஆக்சிஜன் விடுவதும் இல்லை. ஆனாலும் அவை செய்வது ஒளிச்சேர்க்கைதான், ஏனென்றால் இந்தப் பெயரில் இலையும் இல்லை, பச்சையும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை.

ஆழ்கடலில் வெந்நீர் ஊற்றுகளின் அருகே, சூரியன் எட்டாத இடத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனேற்றம் செய்து கிடைக்கும் ஆற்றலில் உணவு தயாரிக்கும் பாக்டீரியங்கள் உண்டு. அதற்குப் பெயர் வேதிச்சேர்க்கை. அங்கேயும் வேதிப்பொருள்களைச் சேர்ப்பது என்று விரிக்கக் கூடாது. வேதிவினையின் ஆற்றலால் நிகழும் சேர்க்கை.