நீலத்தாள் சுருங்கும், எண் சுருங்காது

பழைய மோட்டார் யாட்டின், அதாவது எஞ்சின் வைத்த சொகுசுப் படகின், வரைபடம் என்றதும் சட்டம் போட்டு மாட்டும் அந்தப் பக்கத்தோற்றப் படம்தான் நினைவுக்கு வரும். உதாரணமாக செக்வோயா: ஜான் ட்ரம்பி வடிவமைத்து 1925-இல் நியூஜெர்சியின் கேம்டனில் கட்டிய 104 அடிப் படகு, பின்னாளில் அமெரிக்க அதிபர்கள் பயணம் செய்தது. அழகான படம்தான். ஆனால் அந்தக் காலத்துப் படகு ஒன்றைத் திரும்பக் கட்டவேண்டும் என்றால் நான் முதலில் தேடுவது 3-4-5 என்பது மாதிரி எண்கள் நிறைந்த ஆஃப்செட் அட்டவணையை.

3 அடி, 4 அங்குலம், அப்புறம் ஓர் அங்குலத்தில் எட்டில் 5 பங்கு, அவ்வளவுதான் அதன் அர்த்தம். கத்தரிக்காயை வில்லை போடுவது போலப் படகைக் குறுக்கே வெட்டினால் கிடைப்பது ஸ்டேஷன், நீர்மட்டத்துக்கு இணையாக வெட்டினால் வாட்டர்லைன். இரண்டும் சந்திக்கிற ஒவ்வோர் இடத்திலும் நடுக்கோட்டிலிருந்து படகின் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அந்த அட்டவணையில் எழுதுவார்கள். இடமும் வலமும் ஒன்றுதானே, அதனால் பாதி அகலம் போதும்.

படத்தையே ஸ்கேல் வைத்து அளந்தால் என்ன? அங்கேதான் வில்லங்கம். ஓர் அடியை அரை அங்குலமாக்கி வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு நிஜத்தில் 12 மில்லிமீட்டர். பட்டறைக்குப் போன நீல நகலில், அதாவது ப்ளூபிரிண்டில், இன்னொரு தொல்லை. இரும்பு உப்பு தடவிய தாள், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும், மிச்ச உப்பைத் தண்ணீரில் அலசிக் காயவைக்கவேண்டும். நனைந்து காய்ந்த தாள் அளவு மாறாமல் இருக்குமா? (காரத்தன்மை பட்டால் அந்த நீலமே வெளுத்துவிடும், அதனால் மற்ற தாள்களுக்கு நல்லது என்று ஆவணக் காப்பகங்கள் வைத்திருக்கும் காரம் சேர்த்த உறைகள் இதற்கு ஆகாது.)

அட்டவணையும் முதலிலேயே சுத்தமாக வந்துவிடாது. பட்டறைத் தரையில் முழு அளவில் புள்ளி வைத்து, ஆணியடித்து, நீளமான மரச்சட்டத்தை அவற்றின் மேல் வளைத்துப் பார்ப்பார்கள். எங்கே சட்டம் நெளிகிறதோ அங்கே எண் தப்பு. சட்டம் சொல்கிறபடி திருத்தி மறுபடி எழுதுவார்கள். கட்டிய படகுக்கு நெருக்கமானது அந்தத் திருத்திய பட்டியல்தான், என்ன, அழுக்கும் கிறுக்கலுமாக இருக்கும்.

அதன் மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால் அதைப் படிக்காமல் மரத்தில் கை வைக்கக்கூடாது: அளவு பலகையின் வெளிப்பக்கம் வரையா, உள்பக்கம் வரையா? வெளிப்பக்கம் என்றால், பலகையைத் தாங்கும் விலாச்சட்டத்தை வெட்டும்போது பலகையின் கனத்தைக் கழிக்கவேண்டும். மறந்தால் படகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை கனத்துக்குப் பருத்துவிடும்.