ரான்ச்சர்: ரேஞ்சரும் இல்ல, பண்ணையாரும் இல்ல

2025 அக்டோபர் கடைசியில எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வேர்டு வந்துச்சு, "அர்ஜென்டினா மாட்டிறைச்சி: அமெரிக்க ரேஞ்சர்கள் கொதிப்பு"ன்னு தலைப்பு. அடுத்த நிமிஷமே தாராபுரத்து மாமா கேக்கறாரு, "ஃபாரஸ்ட்காரங்களுக்கு கறி வெலையில என்ன கண்ணு பிரச்சன?" நியாயமான கேள்விதான், நமக்கு ரேஞ்சர்னா வனச்சரகர், காக்கி உடுப்பு, ஜீப்பு, ஊருக்குள்ள யானை வந்தா போன் போடற ஆளு. மொழிபெயர்த்தவரு பாத்த வார்த்தை ரான்ச்சர், கை தவறி ரேஞ்சர் ஆயிருச்சு. மாமாவுக்கு ரெண்டு வரியில பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், வார்த்தைய புடிச்சு இழுத்தா அது பர்கர் வரைக்கும் வந்துருச்சு.

மொதல்ல அர்த்தம். ரான்ச்னா புல்லு நெலத்துல மாட்ட மேயவிட்டு வளக்கற பெரிய எடம், சில எடத்துல ஆடு, குதிரையும் உண்டு. அத வெச்சு பொழைக்கறவரு ரான்ச்சர். நாம மாட்டுப் பண்ணைன்னு சொன்னதும் மனசுல வர்றது கட்டுத்தரை, தீவனத் தொட்டி, விடியக்காலம் சொசைட்டிக்கு போற பால் கேன். அங்க அதுக்கு பேரு டெய்ரி, தொழிலே வேற. ரான்ச்சர்கிட்ட இருக்கறது கறிக்குன்னு உள்ள ஜாதியில தாய் மாடுங்க, வருஷத்துக்கு ஒரு கன்னு போடும், பெரும்பாலும் வசந்த காலத்துல, கன்னு ஆறேழு மாசம் தாய்கூடவே மேஞ்சுக்கிட்டு பால் குடிச்சு வளரும், அப்பறம் பால மறக்க வெச்சு சந்தையில வித்துருவாரு. அதுக்கு மேல அவரு கையில இல்ல. வாங்கறவங்க ஃபீட்லாட்ங்கற அடைப்புல விட்டு மக்காச்சோளம் போட்டு கொழுக்க வெப்பாங்க, அங்கேருந்து வாங்கி வெட்டறது பேக்கர்னு சொல்ற கறி கம்பெனிங்க, அதுலயும் டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப்னு நாலே பேரு ஃபீட்லாட் மாட்டுல 80 சதவீதத்துக்கு மேல வாங்கிக்கறாங்க. விக்கறவன் லட்சக்கணக்குல, வாங்கறவன் நாலு பேரு, அப்ப வெல யாரு சொல்றதுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல.

சரி, கன்னு வித்து பொழைக்கற ஆளுக்கு பர்கர் கடைக்காரன் எந்த நாட்டு கறி வாங்கினா என்ன? இங்கதான் நம்ம ஊரு வார்த்தை ஒண்ணு வேணும்: அடிமாடு.

பல்லு தேஞ்சது, சினை நிக்காதது, ரெண்டு ஈத்துக்கு மேல ஏமாத்துனது, இந்த மாதிரி தாய் மாட்ட ரான்ச்சர் வருஷா வருஷம் கழிச்சு வித்துருவாரு. கன்னு காசுக்கு அடுத்து அவருக்கு வர்ற பெரிய காசு இந்த அடிமாட்டு காசுதான். இந்த கெழட்டு மாட்டு கறி ஸ்டேக் போட லாயக்கில்ல, சவ்வு மாதிரி இருக்கும், ஆனா கொழுப்பே இருக்காது, அதனால அரைக்கறதுக்கு அருமையா இருக்கும். பர்கர் கடைக்கு வேண்டியது அதேதான். ஃபீட்லாட்ல சோளம் தின்ன மாட்ட வெட்டி நல்ல துண்டெல்லாம் எடுத்த பொறவு மிஞ்சற ஓரக் கறியில பாதிக்கு பாதி கொழுப்பு, அத அப்படியே அரைச்சு கல்லுல போட்டா உருகி ஓடிரும். அதனால கொழுப்பில்லாத கறிய கலக்கறாங்க. யாவாரத்துல இதுக்கு பேரே 90, 50 தான். 90ன்னா நூத்துல 90 பங்கு சதை, 50ன்னா பாதி சதை பாதி கொழுப்பு. (90ஸ் கிட்ஸ்னு இங்க கிண்டல் பண்றவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.) மூணு கிலோ 90கூட ஒரு கிலோ 50 போட்டு அரைச்சா நாலு கிலோவும் 80 ஆயிரும், பர்கருக்கு தோதான கணக்கு. கூட்டிப் பாருங்க, சரியா வரும்.

50 அமெரிக்காவுல மலையா கெடக்கு. 90தான் பத்தாது. அந்த 90 ரெண்டு வழியில வரும், ஒண்ணு உள்ளூர் அடிமாடு, அதுல கறவை வத்துன டெய்ரி மாடும் சேத்தி, இன்னொண்ணு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அர்ஜென்டினா மாதிரி நாடுகள்ல பெரும்பாலும் புல்லு தின்ன மாட்டுக் கறி, 27.2 கிலோ அட்டைப்பெட்டியில கட்டியா ஒறைஞ்சு கப்பல்ல வரும். அதாவது வெளிநாட்டு பெட்டி போட்டி போடறது ஃபீட்லாட்காரன்கூட இல்ல, நேரா ரான்ச்சரோட கெழட்டு மாட்டுகூட. ஃபீட்லாட் கொழுப்ப காசாக்கறதுக்கு அந்த பெட்டி உதவியா இருக்குன்னு கறி கம்பெனிங்க சொல்றாங்க, அதுவும் பொய் இல்ல. ஆனா அந்த காசு கம்பெனி பாக்கெட்டுக்கு போவுது, வெல எறங்கற மாடு ரான்ச்சர் காட்டுல நிக்குது. ஒரே கறி, ஆளுக்கு ஒரு கணக்கு.

இது இன்னிக்கு நேத்து சண்டையும் இல்ல. வெளிநாட்டு கறி வரத்துக்கு வரம்பு கட்ட 1964லயே அங்க சட்டம் போட்டாச்சு, இப்ப இருக்கறது நாட்டுக்கு இத்தனை டன்னு வரைக்கும் கொறஞ்ச வரி, தாண்டினா 26.4 சதவீதம் வரிங்கற முறை. அமெரிக்க கடைங்களுக்கு உள்ளூர் கறியே வாங்கிட்டிருந்த மெக்டொனால்ட்ஸ் 2002ல தென்கிழக்கு மாநிலங்கள்ல சில கடையில ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கறிய போட்டுப் பாக்கறோம்னு சொன்னப்ப ரான்ச்சர்ங்க வெந்து போனாங்க. கம்பெனி சொன்ன காரணம், கொழுப்பில்லாத கறி உள்ளூர்ல போதுமான அளவு கெடைக்கலைங்கறது. இப்ப அந்த பஞ்சம் இன்னும் மோசம். வருஷக் கணக்கா வறட்சி, மேய்ச்சல் காஞ்சு தாய் மாட்டையே வித்துட்டாங்க, 2025 ஜனவரி 1 கணக்குப்படி அந்த நாட்டுல மொத்தம் 8.67 கோடி மாடு, 1951க்கு அப்பறம் அது வரைக்கும் இவ்ளோ கொறஞ்சதே இல்ல. கறி வெல ஏறுச்சு, பல வருஷத்துக்கு அப்பறம் ரான்ச்சர் கையில நாலு காசு நின்னுச்சு, அந்த நேரம் பாத்து டிரம்ப் அர்ஜென்டினா கறிய எறக்கி வெலைய கொறைக்கலாம்னு பேசுனாரு, கொறஞ்ச வரியில வர்ற 20,000 டன்ன 80,000 டன்னா ஆக்கப் போறோம்னு வெள்ளை மாளிகையும் சொல்லுச்சு. அமெரிக்கா சொந்தமா பண்றதே வருஷத்துக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல, அதுல இது கடுகுதான். ஆனா சந்தைக்கு அளவு முக்கியமில்ல, பேச்சு போதும், கன்னு வெல அடுத்த நாளே ஆட ஆரம்பிச்சிருச்சு. மாமா பாத்த "கொதிப்பு" இதான்.

இதுல ரான்ச்சருங்க ரொம்ப நோகறது லேபிள் விஷயத்துல. கறி எந்த நாடுன்னு கடையில எழுதியே ஆகணும்னு 2002 விவசாயச் சட்டத்துல போட்டு, இழுத்து இழுத்து 2009லதான் முழுசா அமலுக்கு வந்துச்சு, கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு ஜெயிச்சு 2015 டிசம்பர்ல மாட்டுக்கறிக்கும் பன்னிக்கறிக்கும் அத தூக்கிட்டாங்க. அது இருந்த காலத்துலயும் ஓட்டலுக்கு கெடையாது, மளிகைக் கடைக்கு மட்டுந்தான். 2026 ஜனவரி 1லேருந்து "அமெரிக்கப் பொருள்"னு பாக்கெட்டுல போட்டுக்க ஆசைப்பட்டா மாடு அங்கயே பொறந்து, வளந்து, அங்கயே வெட்டி பாக்கெட் போட்டிருக்கணும்னு ரூல், அதுக்கு முன்னாடி வெளிநாட்டுக் கறிய அங்க அரைச்சு பாக்கெட் மாத்தினாலே அந்த பேரு போட்டுக்கலாம்! ஆனா பர்கர் கடை மெனு போர்டுக்கு இதுவும் பொருந்தாது. ரான்ச்சருங்களுக்குள்ளயும் ஒத்துமை இல்ல, மொன்டானா பில்லிங்ஸ்ல இருக்கற ஆர்-கால்ஃப் சங்கம் கட்டாய லேபிள் வேணும்னு நிக்குது, பெரிய சங்கமான என்சிபிஏ கட்டாயம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துச்சு, அர்ஜென்டினா விஷயத்துல மட்டும் ரெண்டும் ஒரே பக்கம். எனக்கு கேட்டா, வாங்கறதும் வாங்காததும் திங்கறவன் இஷ்டம், ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு போர்டுல ஒரு வரி எழுதறதுக்கு அழுவறது ஏன்னு புரியல.

இப்ப வார்த்தையோட பூர்வீகம். ரான்ச் இங்கிலீஷ்காரன் வார்த்தையே இல்ல, மெக்சிகோ ஸ்பானிஷ்ல ராஞ்சோன்னா சின்ன பண்ணை, குடிசைக் கூட்டம். டெக்சாஸும் கலிபோர்னியாவும் ஒரு காலத்துல மெக்சிகோகிட்ட இருந்ததுதானே, அங்க போன வெள்ளக்காரன் தொழிலையும் கத்துக்கிட்டான், வார்த்தையையும் எடுத்துக்கிட்டான், லாசோ, ரோடியோ எல்லாம் அப்படி வந்ததுதான், மாட்டுக்காரனுக்கு ஸ்பானிஷ்ல வகேரோ, அது வாயில மென்னு மென்னு பக்கரூ ஆயிருச்சு. மெக்சிகோவுக்கு முன்னாடி, பழைய ஸ்பானிஷ்ல ராஞ்சோன்னா கூட்டமா உக்காந்து சாப்பிடற சாப்பாடு, படைவீரனுக்கும் ஜெயில்ல இருக்கறவனுக்கும் ஒரே அண்டாவுல ஆக்கிப் போடறது, இன்னிக்கும் ஸ்பெயின்ல அந்த அர்த்தம் உண்டு. அதுக்கும் பின்னாடி போனா பிரெஞ்சுல வரிசைன்னு அர்த்தம் வர்ற ஒரு வேர், அதே வேர்லதான் ரேங்க், ரேஞ்ச், ரேஞ்சர் எல்லாம் பொறந்துச்சு. ஆக மாமாவ குழப்புன ரேஞ்சர், ரான்ச்சருக்கு பங்காளிதான், மொழிபெயர்ப்பாளர முழுசா திட்ட முடியாது. (பீட்சா கடையில தர்ற ரான்ச் சாஸும் இந்த குடும்பம்தான், கலிபோர்னியாவுல ஹிடன் வேலின்னு ஒரு ரான்ச்ல விருந்தாளிங்களுக்கு குடுத்தது.)

வரிசை, சாப்பாடு, அப்பறம் மிருகம் நிக்கற எடம்னு ஒரு வார்த்தை இப்படி நகருமான்னு தோணும். நம்ம "பந்தி"ய பாருங்க. பந்தின்னா வரிசை, கல்யாணத்துல எலை போட்டா பந்தி, குதிரை கட்டற லாயத்துக்கும் பேரு குதிரைப்பந்தி. எங்கயோ ஸ்பெயின்ல நடந்தது இங்கயும் தனியா நடந்திருக்கு, இது தெரிஞ்சப்ப எனக்கு ராத்திரி பதினோரு மணி, சொல்றதுக்கு ஆள் இல்ல.

தமிழ்ல என்ன சொல்லலாம்? ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். பண்ணையார்னா வெத்தலை, வெள்ளை வேட்டி, கைகட்டி நிக்கற ஆளுங்க, வேற படம் ஓட ஆரம்பிச்சிரும். ஆயர்னு போட்டா பிஷப் ஹவுஸ், மேய்ப்பர்னா இயேசு, இடையர்னா ஜாதி. தெக்கத்தி கீதாரி ரொம்ப அழகான வார்த்தை, ஆனா கீதாரி ஊர் ஊரா கிடை போட்டு நகர்ற ஆளு, ரான்ச்சருக்கு வேலி போட்ட நெலம் உண்டு. வேலின்னதும் எங்க அமுச்சி ஊரு ஞாபகம் வந்துச்சு, காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடுன்னு ஒண்ணு இருக்கு, சுத்தி முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், காய் விழுந்தா அதையும் மாடு பொறுக்கித் திங்கும், வாசலுக்கு ஒரு படல், படலச் சாத்திட்டா காவலுக்கு ஆள் வேண்டாம். சொந்த நெலம், வேலி, புல்லு, மேயற மாடு, ரான்ச்சுக்கு இதவிட பொருத்தமா ஒண்ணு இல்ல. ஆனா கொங்குநாடு தாண்டினா பாதிப் பேருக்கு புரியாது, அளவும் நாலஞ்சு ஏக்கர், அங்க ஆயிரக்கணக்குல.

கடைசியில வார்த்தை கெடைச்சது மட்டக்களப்புலேருந்து. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பர்லேருந்து போராடுன மாட்டுக்காரங்கள அங்க பத்திரிகையெல்லாம் "பண்ணையாளர்கள்"னுதான் எழுதினாங்க. ஒரே ஒரு எழுத்து பக்கம் வித்தியாசம், பண்ணையார் இல்ல, பண்ணையாளர், மெரட்டலும் மீசையும் போயிருச்சு, தொழில் மட்டும் நிக்குது. பால் பண்ணைகூட கொழம்பாம இருக்க முன்னால ஒரு வார்த்தை சேத்துக்கலாம்: ரான்ச்னா மேய்ச்சல் பண்ணை, ரான்ச்சர்னா மேய்ச்சல் பண்ணையாளர். பேச்சுல பட்டிக்காரர் போதும்.

தலைப்ப திருத்தி குரூப்ல போட்டேன், "அர்ஜென்டினா மாட்டிறைச்சி: அமெரிக்க மேய்ச்சல் பண்ணையாளர்கள் கொதிப்பு", கீழ அந்த 90, 50 கணக்கையும் ரெண்டு வரி எழுதினேன். மாமா கொஞ்ச நேரம் கழிச்சு வாய்ஸ் நோட்டு விட்டாரு, பின்னாடி மாடு கத்தற சத்தம் வேற: "அப்ப அடிமாட்டு வெல எறங்கிரும்னு சண்ட. அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"