குழலின் நீளமும் வேட்டைக்காரரின் காதும்

வேட்டைக்கு ரைஃபிள் வாங்குகிறவர்கள் குழலின் நீளத்தைத் தீர்மானிக்கும்போது, தோட்டாவின் வேகத்தையும் புதர்களுக்குள் தூக்கி நடக்கும் வசதியையும் எடைபோடுகிறார்கள். செவித்திறன் பரிசோதனை செய்பவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் காதையும் சேர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பரிசோதனைக்கு வரும் வேட்டைக்காரர்கள் பலரின் செவித்திறன் வரைபடத்தில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு பள்ளம், அதாவது செவித்திறன் இழப்பு, தெரிகிறது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது பெரும்பாலும் இடது காதில்தான் ஆழமாக இருக்கும். ஏனெனில் அந்தக் காது குழல்வாயை நோக்கியிருக்க, வலது காதைத் தலை ஓரளவு மறைத்துவிடுகிறது. உட்செவியில் அழிந்த நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

திடீர் ஓசைக்குப் பெரியவர்களின் உச்ச வரம்பு 140 டெசிபல் என்று கொள்ளப்படுகிறது. வேட்டை ரைஃபிளின் வெடியோசையோ 150-ஐத் தாண்டி 170 வரை போகும். குழலைக் குறைக்கும்போது வெடிப்பு முகத்துக்கு அருகே வருவதோடு, தோட்டா வெளியேறும் கணத்தில் உள்ளிருக்கும் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோடு பீறிடுவதால் ஓசையும் கூடுகிறது. .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான ரைஃபிளில் 24 அங்குலக் குழலை 20 ஆக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மீட்டர் வேகம்தான் குறையும், வழக்கமான வேட்டைத் தூரத்தில் அது பெரிய இழப்பல்ல. ஆனால் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்று மெதுவாக எரியும் வெடிமருந்து நிறையக் கொண்ட தோட்டாக்களுக்குக் குட்டைக் குழல் எந்த வகையிலும் பொருந்தாது. வேகமும் போகும், காதும் போகும். அவற்றுக்கு 24 முதல் 26 அங்குலமே தகும்.

பின்னுதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கைக் குட்டைக் குழலில் பொருத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திருப்பிவிடுவதால், சுடுபவரைவிட அருகில் நிற்கும் துணைவரே கூடுதலாகப் பாதிக்கப்படலாம்.

சைலன்சருக்குச் சட்டம் இடமளிக்கும் நாடுகளில் 18 அல்லது 20 அங்குலக் குழலோடு அதைப் பொருத்துவது நல்ல தேர்வு. மொத்த நீளம் பெரிதாக ஏறாமல் ஓசை 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். அப்போதும் அது 140-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் காதடைப்பானைக் கழற்ற வேண்டாம்.