டேக்ஓவர்னா கையகப்படுத்தலா?

டேக்ஓவர்ங்கிறது இங்கிலீஷ்ல ஒரு சாதாரண வினையப் பெயராக்கினது, ஒரு கம்பெனியோட பிடி ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தர்கிட்ட போறது, அவ்வளவுதான் அதோட பூர்வீகம். தமிழ்ல இதுக்கு 'கையகப்படுத்தல்'னு போடுறாங்க பாருங்க, அங்கதான் எரிச்சலே.

கை, அகம், படுத்து. பிரிச்சுப் பாத்தா ஒண்ணும் தப்பில்ல. ஆனா நம்ம ஊர்ல அது நிலத்தோட ஒட்டிக்கிட்ட வார்த்தை. ரோடு போடணும், ஏர்போர்ட் கட்டணும்னு அரசாங்கம் நோட்டீஸ் விட்டு, விக்க மனசே இல்லாதவன்கிட்டயும் இழப்பீட்டக் குடுத்து எடுக்கிறது. பரந்தூர்ல போய் இந்த வார்த்தையச் சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு தெரியும்.

இப்ப இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வாங்க. 2022 நவம்பர்ல அதோட ஓனரான கிளேசர் குடும்பம் கிளப்ப விக்கிறதும் ஒரு வழிதான்னு அறிவிச்சாங்க. கத்தார் ஷேக் ஜாசிம் நூறு சதவீதமும் எனக்கே, கடனையும் நானே அடைக்கிறேன்னார். போட்டிக்கு வந்த இன்னொருத்தர் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்க்ளிஃப், மான்செஸ்டர் பக்கத்துல ஃபெயில்ஸ்வொர்த்ல பொறந்தவரு, யுனைடெட் ரசிகர். ஃபேன்ஸ் ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்க: கத்தார் காசுல கிளப் ஒரு நாட்டோட விளம்பரப் பலகையா ஆயிடும்னு ஒரு கட்சி, ராட்க்ளிஃப் வந்தா முழுசா வாங்க மாட்டாரு, கிளேசர்ஸ் போகவே மாட்டாங்கன்னு இன்னொரு கட்சி. மாசக்கணக்கா ஓடின இந்தச் சண்டையில ஒருத்தர் வேணும்னு விக்கிறார், ரெண்டு பேர் விலை சொல்றாங்க. இதுல யாரு யாரக் கையகப்படுத்துறது?

கடைசில 2023 அக்டோபர்ல ஜாசிம் விலகிட்டார். 2024 பிப்ரவரில ராட்க்ளிஃப் கைக்குப் போனது 27.7 சதவீதம், ஃபுட்பால் விவகாரத்தப் பாத்துக்கிற பொறுப்பும் கூட. கிளேசர்ஸ் வச்சிருக்கிற பி வகைப் பங்கு ஒண்ணுக்குப் பத்து ஓட்டு, அதனால ஓட்டுல பெரும்பான்மை அவங்ககிட்டயேதான் இருக்கு. டேக்ஓவரே நடக்கல, அதுக்குள்ள 'கையகப்படுத்தினார்'னு தலைப்பு!

வேடிக்கை என்னன்னா அந்த வார்த்தை அச்சு அசலாப் பொருந்துற சம்பவமும் இதே கிளப்புலதான் நடந்திருக்கு. 2005ல இந்தக் குடும்பத்தோட அப்பா மால்கம் கிளேசர் பங்குகளை வாங்கிக்கிட்டே போயி 98 சதவீதத்தத் தொட்டாரு, அப்புறம் மிச்சப் பங்கக் கொஞ்சங்கொஞ்சமா வச்சிருந்த ரசிகர்களும் இஷ்டம் இருக்கோ இல்லையோ சட்டப்படி வித்தே ஆகணும்னு ஆயிடுச்சு. அதுக்காக அவர் வாங்கின கடன்ல பெரும்பகுதி கிளப் தலையிலயே விழுந்துச்சு. மனசு வெறுத்த ஒரு கூட்டம் அதே வருஷம் எஃப்சி யுனைடெட்னு தனி கிளப்பே ஆரம்பிச்சாங்க. அது கையகப்படுத்தல், தாராளமா எழுதுங்க.

இன்னொரு கோஷ்டி 'கைப்பற்றல்'ங்குது. கோப்பையையும் கைப்பற்றுறாங்க, போலீஸ் கஞ்சாவையும் கைப்பற்றுது, இப்ப கிளப்பையுமா? ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அந்த வினைய வச்சா ஜெயிச்சது யாரு, வாங்கினது யாருன்னே புரியாது.

என் கட்சி சிம்பிள். கடை வித்தா நாம என்ன சொல்றோம்? கைமாறிடுச்சுன்னுதான. கிளப்பும் கைமாறுது. 'கைமாறு'ன்னு மட்டும் பெயராக்கிடாதீங்க, அது நன்றிக்கடன். 'கைமாற்று'ம் வேணாம், அது ஒண்ணாந்தேதி திருப்பித் தர்ற கடன். 'கைமாறல்'னு வைங்க, இல்ல வினையாவே விட்ருங்க. ரசிகர்கள் கத்தின ஃபுல் சேலுக்கு 'முழுக் கிரயம்'. கிரயம் வடமொழியாச்சேன்னு தனித்தமிழ் அன்பர்கள் வருவாங்க, வரட்டும், கிரயப் பத்திரம்னா படிக்காத பாட்டிக்கும் புரியுது. அவங்க சொல்ற 'முழு உரிமை விற்பனை'யும் எனக்கு ஓகேதான், கொஞ்சம் நீளம்.

பிட், அதாவது வாங்க வர்றவர் சொல்ற விலை, அதுக்கு 'ஏலம்'னு போடுற மொழிபெயர்ப்பாளர்கள் தனி ரகம். மூடின கவர்ல விலை சொல்றதுக்கும் மூணு தரம் கூவுறதுக்கும் வித்தியாசம் தெரியாம, டிக்‌ஷனரில முதல் வரில இருந்தத எடுத்து ஒட்டிட்டு அடுத்த செய்திக்குப் போயிடுறாங்க. 'ராட்க்ளிஃப் யுனைடெட்ல பங்கு வாங்கினார்'னு நாலே வார்த்தைல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.