மண்ணின் சூடு யார் பக்கம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெயில் ஏறினால் மண்ணில் இருக்கும் பூஞ்சை சாகத்தானே வேண்டும்? கொண்டைக்கடலையில் உலர் வேரழுகல் மட்டும் ஏன் சூட்டில் கூடுகிறது?"

ஒவ்வொரு பூஞ்சைக்கும் தோதான வெப்பநிலை ஒன்று உண்டு. வாடல் நோய் தரும் ஃபியூசேரியத்துக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். உலர் வேரழுகல் தரும் மேக்ரோபோமினாவுக்கு 30 முதல் 35. சரி, இது பாதி பதில்தான். அதே சூடு செடியையும் தொடுகிறதே!

கலிபோர்னியாவைச் சேர்ந்த லீச் என்ற ஆய்வாளர் 1947இல் வெளியிட்ட நாற்றழுகல் (இளநாற்று அழுகிச் சாகும் நோய்) ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பித்தியம் என்ற கிருமி (அசல் பூஞ்சை அல்ல, பூஞ்சை போன்றது) தர்பூசணி விதைகளைக் குளிர்ந்த மண்ணில் அதிகம் அழித்தது. பசலைக்கீரையையோ சூடான மண்ணில். கிருமி ஒன்றுதான், விளைவு நேரெதிர். நாற்று முளைத்து வரும் வேகத்தையும் கிருமி வளரும் வேகத்தையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். கிருமி எந்த வெப்பநிலையில் அதிவேகமாக வளர்கிறது என்பது முக்கியமில்லை. அதோடு ஒப்பிடும்போது செடி எந்த வெப்பநிலையில் அதிகம் பின்தங்குகிறது என்பதுதான் முக்கியம். நீர் குடித்துப் பருத்த விதையிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசியும். அந்த வாசனை பிடித்துக் கிருமி வரும். தண்டு தடிக்கும்வரை செடிக்கு ஆபத்துக் காலம். மண்ணின் வெப்பநிலை அந்தக் காலத்தை நீட்டவும் செய்யும், சுருக்கவும் செய்யும். தர்பூசணி வெப்பப் பயிர் என்பதால் குளிரில் தவழ்ந்துதான் மேலே வரும். கிருமி அந்த அளவுக்கு மந்தமாவதில்லை.

கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர். மண் 30 டிகிரியைத் தாண்டி ஈரமும் வற்றினால் அதன் வேர் திணறும். மேக்ரோபோமினாவுக்கோ அது கொண்டாட்டம். இதன் கரிய நுண்முடிச்சுகள் (மண்ணில் காத்துக்கிடக்கும் பூஞ்சைத் திரள்கள்) ஈர மண்ணில் சில வாரங்களிலேயே அழியக்கூடியவை. உலர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வறண்ட மண்ணில், அவற்றைத் தின்றும் நெருக்கியும் அடக்கிவைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோவதும் ஒரு காரணம். செத்த செடியின் வேரைப் பிளந்தால் மிளகுப்பொடி தூவியதுபோல் அந்த முடிச்சுகள் தெரியும்.

செடியின் எதிர்ப்புத்திறனும் சூட்டுக்கு விலக்கல்ல. அயலா என்ற கொண்டைக்கடலை ரகம், ஃபியூசேரியத்தின் ஓர் இனத்தை 24 டிகிரிப் பகல் வெப்பத்தில் ஓரளவு தாங்கியது. 27 டிகிரியில் கடுமையாக நோயுற்றது. வித்தியாசம் வெறும் 3 டிகிரி! விதைப்பையில் 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று அச்சிடுகிறவர்கள் எத்தனை டிகிரி வரைக்கும் என்பதையும் அச்சிட வேண்டும் என்பேன். புது மருந்துக்குக் கிடைக்கிற ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு, ரகங்களைப் பல வெப்பநிலைகளில் வைத்துச் சோதிக்கும் அலுப்பான வேலைக்கும் போகட்டும். அதைவிட எளிய காரியம் ஒன்று இருக்கிறது: விதைக்கும் ஆழத்தில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது. வானிலை அறிக்கை சொல்வது காற்றின் சூட்டை. வேர் இருப்பது மண்ணில்.